வெளிநாட்டில் நர்ஸ் வேலை: உத்திரமேரூரிலிருந்து கிளம்பும் முன் சரிபார்க்க வேண்டியவை

நர்சிங் முடித்து, செங்கல்பட்டிலோ காஞ்சிபுரத்திலோ ஒரு தனியார் மருத்துவமனையில் டூட்டி பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். நைட் டூட்டி முடிந்து, காலை உத்திரமேரூர் பஸ்ஸில் ஜன்னலோரம் தலை சாய்த்துத் தூங்கி வழியும்போது, கூடப் படித்தவள் துபாயிலிருந்து அனுப்பிய படம் போனில் வந்து விழுகிறது. நாமும் போகலாமா?

தாராளமாகப் போகலாம். ஆனால் நம் பெண்களும் பையன்களும் மாட்டிக்கொள்ளும் இடம், அவர்கள் பயப்படும் இடம் இல்லை. எல்லோரும் பரீட்சைக்குப் பயப்படுகிறார்கள். பரீட்சையில் தோற்றால் இன்னொரு முறை எழுதலாம். பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், மார்க் ஷீட்டில் ஒரு பெயர் என்றிருந்தாலோ, மூன்று வருடம் உழைத்ததற்குக் கையில் ஒரு கடிதம்கூட இல்லாமல் போனாலோ மாதக்கணக்கில் அலைய வேண்டியதுதான். இவற்றையெல்லாம் ஊரில் இருக்கும்போதே சரிசெய்துகொள்ள முடியும் என்பதால், இந்தக் கட்டுரையில் காகிதங்களுக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதலில் ஒரு அடிப்படை. எந்த நாடானாலும் உங்களுக்கு இரண்டு அனுமதி வேண்டும். ஒன்று, அந்த நாட்டு நர்சிங் அமைப்பு தரும் பதிவு (லைசென்ஸ் என்று நாம் சொல்வது இதைத்தான்). இன்னொன்று விசா. இரண்டையும் தருபவர்கள் வேறு வேறு ஆட்கள். விசா அதிகாரிக்கு உங்கள் ஊசி போடும் திறமை பற்றிக் கவலையில்லை. நர்சிங் கவுன்சிலுக்கு உங்கள் விசா பற்றிக் கவலையில்லை. “விசா ரெடி, லைசென்ஸை அங்கே போய்ப் பார்த்துக்கலாம்” என்று ஏஜென்ட் சொன்னால் சந்தேகப்படுங்கள். பிரிட்டன், ஜெர்மனி போன்ற நாடுகளில் லைசென்ஸின் கடைசிக் கட்டம் அங்கே போன பிறகு நடப்பது உண்மைதான். ஆனால் அங்கும் முதல் பாதியை இங்கேயே முடித்திருக்க வேண்டும்.

சரி, நான் படித்த படிப்பு செல்லுமா? நான்கு வருட பி.எஸ்சி. நர்சிங், அல்லது ஜி.என்.எம். எனப்படும் டிப்ளமோ படித்து, மாநில கவுன்சிலில் பதிவு செய்திருந்தால் நீங்கள் பதிவு பெற்ற செவிலியர். பெரும்பாலான நாடுகளில் விண்ணப்பிக்க அது போதும். இரண்டு வருட ஏ.என்.எம். படித்தவர்களை வெளிநாடுகள் பெரும்பாலும் முழு நர்ஸாக எடுத்துக்கொள்வதில்லை. உதவியாளர் வேலைக்கே கூப்பிடுவார்கள்.

“பத்தாம் வகுப்பு போதும், ஒரே வருடத்தில் நர்சிங், வெளிநாட்டு வேலை உறுதி” என்று பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஃபிளெக்ஸ் பார்த்திருப்பீர்கள். அந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு எந்த நாட்டிலும் நர்ஸ் லைசென்ஸ் கேட்க முடியாது. நம் மாநில கவுன்சிலே அவர்களைப் பதிவு செய்வதில்லை. தங்கையையோ மகளையோ சேர்ப்பதற்கு முன், அந்தக் கல்லூரியின் பெயர் தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலின் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு நிமிட வேலை இது. செய்யாமல் விட்டால் வருடமும் போகும், பணமும் போகும்.

ஆண் செவிலியர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பழைய பாடத்திட்டத்தில் ஜி.என்.எம். படித்த ஆண்கள் சிலருக்குப் பிரசவப் பிரிவில் பயிற்சி தராமல் அதற்குப் பதிலாக வேறு பாடம் கொடுத்துவிட்டார்கள். அமெரிக்கா போன்ற நாடுகள் பெரியவர், குழந்தைகள், பிரசவம், மனநலம் என்று ஒவ்வொரு பிரிவிலும் படித்த நேரத்தையும் வார்டில் நின்ற நேரத்தையும் தனித்தனியாகக் கணக்குப் பார்ப்பவை. எனவே பணம் கட்டும் முன், கல்லூரியில் டிரான்ஸ்கிரிப்ட் (எந்தப் பாடம், எத்தனை மணி நேரம் என்று காட்டும் விவரப் பட்டியல்) வாங்கிப் பாருங்கள்.

மாநில கவுன்சில் பதிவு எங்கே? சென்னை சாந்தோம் நெடுஞ்சாலையில் இருக்கிறது அலுவலகம். 1926-ஆம் வருடச் சட்டப்படி ஏற்பட்ட அமைப்பு. இங்கே நீங்கள் பதிவு செய்த எண்தான் எல்லாவற்றுக்கும் வேர். அது காலாவதி ஆகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு அமைப்புகள் இந்த கவுன்சிலிடமே நேராகக் கேட்கும்: இவர் உங்களிடம் பதிவு செய்தவரா, இவர் மேல் ஏதாவது நடவடிக்கை உண்டா? அதற்கு கவுன்சில் தரும் பதிலுக்குத்தான் குட் ஸ்டாண்டிங் சான்று (நன்னடத்தைச் சான்று) என்று பெயர். பதிவைப் புதுப்பிக்காதவருக்கு அந்தச் சான்று கிடைக்காது. இந்திய நர்சிங் கவுன்சிலின் தேசியப் பதிவேட்டிலும் பெயரேற்றி, அதற்குரிய அடையாள எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பெயருக்கு வருவோம். தமிழ்நாட்டு நர்ஸுக்கு இருக்கும் தனித் தலைவலி இது. பக்கத்து மாநிலத்தார் பலருக்கு இவ்வளவு இல்லை. அப்பா பெயர் முருகன், உங்கள் பெயர் கவிதா என்று வைத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் ‘எம். கவிதா’. டிகிரியில் ‘கவிதா எம்.’ பாஸ்போர்ட்டில் இனிஷியல் போட மாட்டார்கள், விரித்துத்தான் எழுதுவார்கள். அதனால் அங்கே ‘கவிதா முருகன்’, இல்லையென்றால் குடும்பப் பெயர் கட்டம் காலியாக வெறும் ‘கவிதா’. கல்யாணமான பிறகு ஆதாரில் வீட்டுக்காரர் பெயர் ஏறி ‘கவிதா செந்தில்’ ஆகிவிட்டது. நமக்கு இது ஒரே கவிதா. கம்ப்யூட்டருக்கு நான்கு பேர்.

இதனால் என்ன நடக்கும்? ஆன்லைன் விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விட்டால் அடுத்த பக்கம் திறக்காது. அமெரிக்க விசாவில் ஒற்றைப் பெயர்க்காரரின் முதல் பெயர் இடத்தில் ‘எஃப்.என்.யு.’ (முதல் பெயர் தெரியவில்லை) என்று அச்சாகும். தேர்வு மையத்தில் நுழைவுக் கடிதத்தில் இருக்கும் பெயரும் கையில் இருக்கும் பாஸ்போர்ட்டின் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகாவிட்டால் உள்ளே விட மாட்டார்கள். கட்டிய பணமும் திரும்பாது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களை விசிட் விசாவில் ஏற்க மாட்டோம் என்று அறிவித்தபோது விமான நிலையத்தில் தவித்தவர்களில் நம் ஆட்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பிறகு, பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று தளர்த்தினார்கள்.

அப்படியானால் எதைத் திருத்துவது? எல்லாவற்றையும் திருத்த வேண்டாம். பாஸ்போர்ட்டை அச்சாணியாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் குடும்பப் பெயர் கட்டத்தில் அப்பா பெயரும், பெயர் கட்டத்தில் உங்கள் பெயரும் இருக்கட்டும். புதிதாக பாஸ்போர்ட் எடுப்பவர்கள் தாம்பரம் சேவை மையத்தில் கவுன்டரில் உட்காரும்போதே இதைச் சொல்லிவிடலாம். மார்க் ஷீட்டில் உள்ள இனிஷியலின் விரிவு இதுதான், இருவரும் ஒருவரே என்று நோட்டரி முன் ஓர் உறுதிமொழிப் பத்திரம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இனிஷியல் வேறுபாடு மட்டும் என்றால் பல இடங்களில் இது போதும்.

பெயரின் எழுத்தே மாறியிருந்தால், அதாவது ஆங்கிலத்தில் ஒரு இடத்தில் ‘வி’ என்றும் இன்னொரு இடத்தில் ‘பி’ என்றும் இருந்தால், அரசிதழில் வெளியிடுவது நல்லது. சென்னை அண்ணா சாலையில் உள்ள எழுதுபொருள் அச்சுத் துறைதான் அதைச் செய்கிறது. கல்யாணம் ஆனவர்கள் ஆதாரிலும் வங்கியிலும் கணவர் பெயரை மாற்றுவதற்கு அவசரப்படாதீர்கள். மாற்றியே ஆக வேண்டும் என்றால் சார் பதிவாளர் அலுவலகத்தில் திருமணத்தைப் பதிவு செய்து அந்தச் சான்றையும் ஃபைலில் வையுங்கள். மண்டபத்தின் ரசீதும் பத்திரிகையும் சான்றாகாது.

அடுத்தது அனுபவம். வளைகுடா நாடுகளில் பெரும்பாலும் இரண்டு வருட வார்டு அனுபவம் கேட்பார்கள். அதை நீங்கள் சொன்னால் போதாது. டேட்டாஃப்ளோ என்று ஒரு நிறுவனம் இருக்கிறது (சான்றிதழ் எங்கே வழங்கப்பட்டதோ அந்த இடத்திலேயே கேட்டு உறுதி செய்யும் நிறுவனம்). சவூதி, துபாய், அபுதாபி, கத்தார் போன்ற இடங்களின் லைசென்ஸ் அமைப்புகள் இந்தச் சரிபார்ப்பை நம்பியிருக்கின்றன. நீங்கள் பணம் கட்டிச் சான்றிதழ்களை ஏற்றியதும், டிகிரிக்காக கிண்டி எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கும், பதிவுக்காக கவுன்சிலுக்கும், அனுபவத்துக்காக நீங்கள் வேலை பார்த்த மருத்துவமனைக்கும் அவர்கள் எழுதுவார்கள்.

பல்கலைக்கழகமும் கவுன்சிலும் மெதுவாகவாவது பதில் போட்டுவிடும். சிக்கல் மூன்றாவது இடத்தில்தான். இருபது படுக்கை நர்சிங் ஹோம். டாக்டரும் அவர் மனைவியும் நடத்துவது. சம்பளம் கவரில் கையில் வரும். வருகைப் பதிவேடு ஒரு நாற்பது பக்க நோட்டு. அங்கே டேட்டாஃப்ளோ அனுப்பும் ஈமெயிலை யார் திறப்பார்கள்? அந்த ஈமெயில் முகவரியே கம்பவுண்டர் பையன் போட்டுக் கொடுத்த ஜிமெயிலாக இருக்கும். அவனும் வேலையை விட்டுப் போயிருப்பான். பதில் வராவிட்டால் ‘சரிபார்க்க முடியவில்லை’ என்று அறிக்கை வரும். நீங்கள் பார்த்த இரவுகளெல்லாம் கணக்கில் வராது.

குடவோலைத் தேர்தலில் கணக்கு ஒப்படைக்காதவர் பெயரைக் குடத்தில் போடக் கூடாது என்று நம் ஊர்க் கல்வெட்டில் பராந்தக சோழன் காலத்திலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். டேட்டாஃப்ளோவும் அந்த ரகம்தான். ஏடு பேச வேண்டும்.

சின்ன நர்சிங் ஹோமில் வேலை பார்ப்பவர் என்ன செய்யலாம்? சம்பளத்தை வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள், ஆயிரம் ரூபாய் குறைந்தாலும் பரவாயில்லை. பி.எஃப். பிடித்தால் அது இன்னும் பலம், அரசாங்கத்தின் பதிவேட்டில் நீங்கள் ஏறிவிடுகிறீர்கள். சேர்ந்த அன்றே நியமனக் கடிதம் கேளுங்கள். வேலையை விடும்போது வாங்கும் அனுபவக் கடிதத்தில் சேர்ந்த தேதி, விட்ட தேதி, எந்த வார்டு, எத்தனை படுக்கை, முழு நேரமா என்பவை இருக்கட்டும். கையெழுத்துப் போட்டவரின் பெயரும் பதவியும், எடுக்கக்கூடிய ஒரு போன் நம்பரும் அவசியம். தேதியில் ஒரு மாதம்கூட உயர்த்திப் போடச் சொல்லாதீர்கள். கடிதத்தில் மார்ச், மருத்துவமனை பதிலில் மே என்று வந்தால் அது முரண்பாடு என்று பதிவாகும். போலி என்று முடிவானால் அந்த நாடு மட்டுமல்ல, அந்தச் சரிபார்ப்பைப் பயன்படுத்தும் மற்ற நாடுகளும் கதவை மூடலாம்.

“அனுபவம் இல்லாவிட்டாலும் சர்டிபிகேட் வாங்கித் தருகிறோம்” என்று பத்தாயிரம், இருபதாயிரம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் விற்பது ஒரு காகிதத்தை. சரிபார்ப்பில் மாட்டப்போவது உங்கள் பெயர்.

கல்யாணம், குழந்தை என்று மூன்று வருடம் வீட்டில் இருந்துவிட்டேன், இனி முடியாதா? முடியும், ஆனால் இங்கே ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. வளைகுடா அமைப்புகள் பல, தொடர்ந்து இரண்டு வருடத்துக்கு மேல் வேலை விடுபட்டிருந்தால் அப்படியே ஏற்பதில்லை. மறுபடி ஒரு மருத்துவமனையில் சேர்ந்து சில மாதங்கள் வேலை பார்த்த சான்று கேட்கும். வெளிநாட்டு எண்ணம் இருந்தால், குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு பகுதி நேரமாவது டூட்டிக்குப் போங்கள் என்றுதான் நான் சொல்வேன். அதற்கும் நியமனக் கடிதம் வாங்கிக்கொண்டு.

அடுத்து அரபு நாடுகளின் பரீட்சை. இது பெரும்பாலும் பிரோமெட்ரிக் மையத்தில் கம்ப்யூட்டரில் எழுதுவது, நான்கு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வகை. துபாய்க்கு ஓர் அமைப்பு, அபுதாபிக்கு வேறு அமைப்பு, சவூதிக்கு மற்றொன்று. இந்த நாடுகள் பெரும்பாலும் ஐ.இ.எல்.டி.எஸ். (ஆங்கிலத் தேர்வு) கேட்பதில்லை. தமிழ் வழியில் பள்ளி முடித்தவர்கள் முதலில் அந்தப் பக்கம் பார்ப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

அரபு நாடு என்றதும் இன்னொரு சொல் வரும்: இ.சி.ஆர். நமக்கு அது மாமல்லபுரம் ரோடு. பாஸ்போர்ட் அலுவலகத்தில் அதற்குப் பொருள் வேறு (வெளிநாட்டு வேலைக்குப் போக அரசின் முன் அனுமதி தேவை என்பது). பத்தாம் வகுப்பு தேறியவர்களுக்கு இந்த முத்திரை இருக்காது. எனவே நமக்கு இது பொருந்தாது என்று நினைப்பீர்கள். நர்ஸுக்கு மட்டும் கதை வேறு. சவூதி, அமீரகம், குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைன், மலேசியா, ஈராக் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு நர்ஸ் வேலைக்குப் போகிறவர், பாஸ்போர்ட்டில் அந்த முத்திரை இல்லாவிட்டாலும், ‘இமைக்ரேட்’ என்ற மத்திய அரசு இணையதளம் வழியாக அனுமதி பெற வேண்டும் என்று 2015-இல் விதி வந்தது.

ஏன் நர்ஸுக்கு மட்டும்? அந்த வருடம் கொச்சியில் குவைத் வேலைக்கு ஆள் எடுத்த ஓர் ஏஜென்சி, சட்டம் அனுமதித்த 19,500 ரூபாய்க்குப் பதில் தலைக்கு 19.5 லட்சம் வாங்கியதாக சி.பி.ஐ. வழக்குப் போட்டது. அந்தக் கொள்ளையைத் தடுக்க, அரசு நிறுவனங்கள் வழியாக ஆள் எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். கேரளத்துக்கு நோர்க்கா ரூட்ஸ், ஓடெபெக். தமிழ்நாட்டுக்கு கிண்டியில் இருக்கும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம், ஓ.எம்.சி.எல். என்பார்கள். 1978-இலிருந்து இருக்கிறது. உத்திரமேரூரிலிருந்து இரண்டு பஸ் மாறினால் போய்விடலாம். நம் ஊர்ப் பெண்களில் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் குறைவு, ஏஜென்ட் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் அதிகம் என்பதுதான் எனக்கு வருத்தம்.

எவ்வளவு பணம் கொடுக்கலாம்? இந்தியாவில் பதிவு பெற்ற ஏஜென்ட் ஒருவர் சேவைக் கட்டணமாக அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் வாங்கலாம். மொத்தம் 35,400. அதற்கு ரசீது தர வேண்டும். பரீட்சைக் கட்டணம், டேட்டாஃப்ளோ, மெடிக்கல் போன்றவை தனி. ஐந்து லட்சம், எட்டு லட்சம் என்று யாராவது பேரம் பேசினால் அது சட்டத்துக்குப் புறம்பானது. பேரம் பேசாமல் எழுந்து வந்துவிடலாம். ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று இமைக்ரேட் தளத்திலேயே பெயர் போட்டுப் பார்க்கலாம். “சென்னை ஆபீஸின் சப்-ஏஜென்ட் நான்” என்று வீட்டுத் திண்ணையில் வந்து உட்காருபவருக்கு அந்தப் பதிவில் இடமே கிடையாது.

கடன் வாங்கிப் போனால் என்ன ஆகும் என்பதற்கு 2014-இல் ஈராக்கின் திக்ரித் நகரில் நடந்தது நல்ல பாடம். தீவிரவாதிகள் நகரைப் பிடித்தபோது அங்கே ஒரு மருத்துவமனையில் 46 இந்திய நர்ஸ்கள் சிக்கிக்கொண்டார்கள். கேரளப் பெண்கள்தான் பெரும்பான்மை. தூத்துக்குடிப் பெண் ஒருவரும் இருந்தார். குண்டுச் சத்தத்துக்கு நடுவிலும் அவர்களில் பலர் ஊர் திரும்பத் தயங்கினார்கள். காரணம், வேலைக்காக வாங்கிய கடன் ஊரில் காத்திருந்தது. ஜூலை மாதம் பத்திரமாக வந்து சேர்ந்தார்கள். எந்த நாட்டுக்கு, எந்த ஊருக்கு அனுப்புகிறார்கள் என்று வரைபடத்தில் பார்க்காமல் நகையை அடகு வைக்காதீர்கள்.

விசிட் விசாவில் போய் அங்கே வேலை தேடலாமா? மேலே சொன்ன 18 நாடுகளுக்கு அது அனுமதியைச் சுற்றிப் போகும் குறுக்கு வழி. மீனம்பாக்கத்திலேயே குடியேற்ற அதிகாரி நிறுத்தலாம். போய்ச் சேர்ந்தாலும், சம்பளம் வராதபோது புகார் கொடுக்க உங்கள் பெயரில் ஒப்பந்தமும் இருக்காது, பதிவும் இருக்காது. முறையாகப் போனால் பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீடும் சேர்ந்து வரும். விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக ஊனமுற்றாலோ 10 லட்சம். இரண்டு வருடத்துக்குப் பிரீமியம் சில நூறு ரூபாய்தான்.

சான்றிதழ் அட்டெஸ்டேஷன் (இந்தச் சான்று உண்மைதான் என்று அரசு முத்திரை வைப்பது) பற்றி ஏஜென்ட்கள் பெரிய மாயம் காட்டுவார்கள். மாயம் ஒன்றும் இல்லை. முதலில் மாநில அரசின் முத்திரை, பிறகு மத்திய வெளியுறவுத் துறையின் முத்திரை, அதன்பின் சில நாடுகளுக்கு அந்தத் தூதரகத்தின் முத்திரை. அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் (ஒரே முத்திரையை எல்லா உறுப்பு நாடுகளும் ஏற்கும் ஏற்பாடு) சேர்ந்த நாடு என்றால் தூதரகத்துக்குப் போக வேண்டாம். சவூதி, ஓமன், பஹ்ரைன் சேர்ந்துவிட்டன. வெளியுறவுத் துறை அப்போஸ்டிலுக்கு வாங்கும் கட்டணம் ஒரு சான்றுக்கு 50 ரூபாய். வாங்கி அனுப்பும் சேவை நிறுவனத்துக்குத் தனியாகக் கொஞ்சம். இதை மனதில் வைத்துக்கொண்டு, ஏஜென்ட் சொல்லும் தொகையைக் கேளுங்கள்.

மெடிக்கலில் என்ன பார்ப்பார்கள்? மார்பு எக்ஸ்ரேயில் பழைய டி.பி. தழும்பு இருந்தாலே வளைகுடா நாடுகளுக்கு ‘அன்ஃபிட்’ போட்டுவிடுவார்கள், நோய் குணமாகிப் பத்து வருடம் ஆகியிருந்தாலும். சிறு வயதில் டி.பி. மருந்து சாப்பிட்ட ஞாபகம் இருந்தால், மற்றச் செலவுகளுக்கு முன் சொந்தமாக ஓர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

பிரிட்டனுக்குப் போக வேண்டுமென்றால்? அங்கே என்.எம்.சி. என்ற அமைப்பு லைசென்ஸ் தருகிறது. முதலில் ஆங்கிலம். ஐ.இ.எல்.டி.எஸ். அகடமிக்கில் படித்தல், கேட்டல், பேசுதல் மூன்றிலும் 7, எழுதுதலில் 6.5. அல்லது ஓ.இ.டி. (மருத்துவத் துறையினருக்கென்றே வைக்கும் ஆங்கிலத் தேர்வு) எழுதி மூன்றில் ‘பி’, எழுதுதலில் ‘சி பிளஸ்’. நம்மவர்களில் பலருக்கு ஓ.இ.டி. வசதி, நோயாளியிடம் பேசுவது, டிஸ்சார்ஜ் கடிதம் எழுதுவது என்று தினம் செய்கிற வேலையிலிருந்தே கேள்வி வரும். ஒரே முறையில் எல்லாம் வராவிட்டால் 12 மாதத்துக்குள் எழுதிய இரண்டு தேர்வுகளின் மதிப்பெண்ணைச் சேர்த்துக் காட்டவும் வழி உண்டு; அதற்கும் குறைந்தபட்ச மதிப்பெண் வேண்டும்.

“காலேஜில் எல்லாம் இங்கிலீஷில்தானே படித்தேன், விலக்கு இல்லையா?” நேரடியாக இல்லை. இந்தியா அவர்களுடைய ஆங்கிலம் பேசும் நாடுகளின் பட்டியலில் கிடையாது. இந்தத் தேர்வு முடிவு இரண்டு வருடம்தான் செல்லும். ஆகவே பெயரையும் அனுபவக் கடிதத்தையும் சரிசெய்யாமல் முதலில் ஓ.இ.டி. எழுதிவிடாதீர்கள். மற்றக் காகிதம் தயாராவதற்குள் அது செத்துப்போகும்.

ஆங்கிலத்துக்குப் பின் சி.பி.டி. என்ற கம்ப்யூட்டர் தேர்வு. இங்கேயே எழுதலாம், 83 பவுண்டு. அது தேறி, வேலை கிடைத்து, விசா வாங்கிப் போன பிறகு ஆஸ்கி (நோயாளி போல் நடிப்பவரை வைத்துச் செய்முறையைச் சோதிக்கும் தேர்வு). அதற்கு 794 பவுண்டு. பல மருத்துவமனைகள் இந்தச் செலவை ஏற்கின்றன. ஏற்கிறதா என்று வேலை உத்தரவில் எழுத்தாகப் பாருங்கள். வேலையில் சேர்ந்து எட்டு மாதத்துக்குள் பதிவு கிடைத்தாக வேண்டும். ஆஸ்கியில் கை கழுவும் முறையையும் சொல்லிச் சொல்லிச் செய்ய வேண்டும். பத்து வருடம் ஐ.சி.யு.வில் இருந்தவர்களும், செய்ததை வாய்விட்டுச் சொல்லாததால் தடுமாறுவது உண்டு.

பிரிட்டன் பற்றி ஓர் எச்சரிக்கை. நர்ஸ் விசா வேறு, கேர் வொர்க்கர் (முதியோர் இல்லங்களில் உடலைக் கவனித்துக்கொள்பவர்) விசா வேறு. “இப்போதைக்குக் கேர் வொர்க்கராகப் போ, பிறகு நர்ஸாக மாறலாம்” என்று லட்சங்கள் வாங்கியவர்கள் ஏராளம். 2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டிலிருந்து புதிதாகக் கேர் வொர்க்கர் எடுப்பதை பிரிட்டன் நிறுத்திவிட்டது. இன்னமும் அதை விற்பவரிடம் பேச்சே வேண்டாம். நர்ஸ் வேலைக்கும் முன்போல் ஆள் எடுப்பதில்லை. வேலை உத்தரவு கைக்கு வராமல் ராஜினாமா எழுதாதீர்கள்.

அமெரிக்கா? பரீட்சை எழுதுவது எளிது, போய்ச் சேருவதுதான் கடினம். என்க்ளெக்ஸ் (அமெரிக்க நர்ஸ் லைசென்ஸ் தேர்வு) சென்னையிலேயே எழுதலாம். கட்டணம் 200 டாலர், வெளிநாட்டில் எழுதுவதற்கு 150 டாலர் கூடுதல். தேறியவர்கள் நம் மாவட்டத்திலும் இருக்கிறார்கள். ஆனால் நர்ஸ்கள் பெரும்பாலும் போவது ஈ.பி.-3 என்ற கிரீன் கார்டு வரிசையில். ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கு வருடத்துக்கு இவ்வளவுதான் என்று அங்கே வரம்பு உண்டு. இந்தியர்களின் வரிசை மிக நீளம். 2025-இல் அந்த வரிசையில் முறை வந்தது 2013 வாக்கில் மனு போட்டவர்களுக்கு. ‘ஆறு மாதத்தில் அமெரிக்கா’ என்று விளம்பரம் பார்த்தால் இந்தக் கணக்கைச் சொல்லி விளக்கம் கேளுங்கள். என்க்ளெக்ஸ் வீண் என்று சொல்லவில்லை. ஆஸ்திரேலியப் பதிவுக்கும் அந்தத் தேர்வு ஒரு படி. அமெரிக்காவை மட்டும் நம்பிக் கடன் வாங்காதீர்கள் என்கிறேன்.

ஜெர்மனியில் ஆங்கிலத் தேர்வு தொல்லை இல்லை. அதற்குப் பதில் ஜெர்மன் மொழியையே பி-2 நிலை வரை (வார்டில் டாக்டருடன் தடையின்றிப் பேசும் அளவு) படிக்க வேண்டும். ஒரு வருடம் முழு நேரமும் அதற்கே போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொழி வகுப்பு என்ற பெயரில் தனியார் பயிற்சி மையங்கள் வாங்கும் தொகையைக் கட்டும் முன், ஓ.எம்.சி.எல். மொழிப் பயிற்சி ஏதாவது அறிவித்திருக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள்.

கடைசியாக, நிறையப் பேர் வெட்கப்பட்டுச் சொல்லாத ஒரு சிக்கல். கல்லூரியோ மருத்துவமனையோ ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி பீரோவில் வைத்துக்கொள்வது. “பாண்ட் முடியாமல் தர மாட்டோம்” என்பார்கள். படித்து முடித்தவரை இப்படி பாண்ட் போட்டுக் கட்டிவைக்கக் கூடாது என்று இந்திய நர்சிங் கவுன்சில் சொல்லியிருக்கிறது. சண்டை போடுவதற்கு முன் எழுத்தில் கேளுங்கள். ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, பட்டுவாடாச் சான்றை வைத்துக்கொள்ளுங்கள். பலர் அந்தத் தபாலைப் பார்த்ததுமே பீரோவைத் திறந்துவிடுவார்கள். திறக்காவிட்டால் கவுன்சிலுக்கும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும் புகார் கொடுக்க அந்தச் சான்று கையில் இருக்கும்.

இந்த மாதம் வேலையை விடும் எண்ணத்தில் இருக்கிறீர்களா? கோபமோ சம்பள பாக்கியோ எதுவாக இருந்தாலும், நாளை முதல் வர மாட்டேன் என்று போன் செய்து நின்றுவிடாதீர்கள். முறையாக ராஜினாமா கொடுத்து, தேதியும் வார்டும் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே நின்று படித்துப் பார்த்து, முத்திரையிட்ட அனுபவக் கடிதத்தைப் பையில் போட்டுக்கொண்டு அன்றைய கடைசி பஸ்ஸைப் பிடியுங்கள்.